நூற்றேழு நாள் ரகம்

ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே ஆர்டிஸின் வீட்டு முற்றத்துக்குள் டிராக்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் சிறகு மடக்கிய விதைப்பு இயந்திரம். ஒரே ஓட்டத்தில் எட்டு வரிசை, பன்னிரண்டு வரிசை விதைப்பவை, ஒன்று மட்டும் பதினாறு. சமையலறை ஜன்னலில் நின்று எண்ணினாள். ஆறு. அவற்றுக்குப் பின்னால் பிக்கப் வண்டிகள். அவற்றிலிருந்து சபைப் பெண்கள் இறங்கினார்கள், கைகளில் அலுமினியத் தாள் மூடிய தட்டுகளோடு.

ஹோல்டன் பிரெய்ரி ஊரில் ஒரு விவசாயி செத்துப்போனால் இது வழக்கம். அக்கம்பக்கத்தார் ஒரு நாள் குறித்து, தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, செத்தவனின் நிலத்தை ஒரே மூச்சில் விதைத்துக் கொடுப்பார்கள். அவன் இலையுதிர் காலத்தில் செத்திருந்தால் அறுத்துக் கொடுப்பார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொல்வார். வாரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து கிடங்குப் படிக்கட்டில் ஏறிப் படம் எடுப்பார். ஆர்டிஸின் கணவன் ஓரின் நான்கு வீடுகளுக்கு அப்படிப் போயிருக்கிறான். நான்கு முறையும் அவள்தான் பன்களுக்குள் பன்றிக்கறி வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

இந்த வருஷம் அந்த உதவியின் கனம் என்ன என்பது அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் தொடங்கிய மழை மே கடைசி வரை விடவில்லை. வடிகால் குழாய்கள் வாய் பிளந்து தண்ணீரைத் திருப்பித் துப்பின. மே இருபத்தெட்டு வரை ஊரில் பாதிப் பேர் நிலத்தில் கால் வைக்கவில்லை. காய்ந்த முதல் சனிக்கிழமை இது. தங்கள் நிலம் வெறுமையாகக் கிடக்க, இந்த ஒரு நாளைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எதையோ வாயில் வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அவள் பயம் ஒன்றே ஒன்றுதான். இயந்திரங்களின் பெட்டிகளில் எந்த விதை இருக்கிறது?

போன நவம்பரில் ஓரின் சொல்லிவைத்தது நூற்றேழு நாள் ரகம். இங்கே மக்காச்சோள விதையை நவம்பரிலேயே சொல்லிவைத்துவிடுவார்கள். விதை வியாபாரி மைல்ஸ் கையோடு ஒரு தொப்பியும் கொடுப்பான். நூற்றேழு நாள் என்பது காலண்டரில் எண்ணுகிற நாள் அல்ல. இந்த ரகம் முதிர அந்த ரகத்தைவிட எத்தனை வெயில் அதிகம் வேண்டும் என்று சொல்கிற எண், அவ்வளவுதான். வயது கூடக் கூட விளைச்சல் கூடும். ஏப்ரல் கடைசியில் நட்டால் நூற்றேழு தாராளமாக முதிரும். ஜூனில் நட்டால், மணியின் அடியில் கரும்படலம் கட்டி முதிர்ந்துவிட்டேன் என்று அது சொல்வதற்கு முன்னாலேயே உறைபனி வந்துவிடும். அப்புறம் அறுப்பது சோளம் இல்லை, ஈரக் கூழ்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அவளே மைல்ஸுக்குப் போன் செய்து, நூற்றேழை எடுத்துக்கொண்டு தொண்ணூற்றைந்து நாள் ரகம் கொடு என்று சொன்னாள். அறுபத்திரண்டு மூட்டை, சர்ச்சுக்கு எதிரே இருக்கிற நூற்றைம்பது ஏக்கருக்கு. அவன் எதிர்த்துப் பேசவில்லை. சரி என்றான். ரொம்பவும் இனிமையாகச் சரி என்றான். ஓரின் போன பிறகு ஊரே அவளிடம் அந்தக் குரலில்தான் பேசுகிறது, காய்ச்சல்காரிக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல. போனை வைத்தபோது காது பிசுபிசுத்தது போல இருந்தது.

ஜன்னலுக்கு நேரே தானியக் குதிர் நின்றது. முப்பது வருஷத்துப் பழைய இரும்புத் தகடு, மழையில் மங்கிப்போனது. அதன் இடுப்பில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே ஐந்து புதுத் தகடுகள் சதுரம் சதுரமாகப் பளபளத்தன. ஏப்ரலில் ஓரினின் தம்பி வெர்டெல் வந்து வைத்துப் போல்ட் போட்டவை. நன்றாகத்தான் போட்டிருந்தான், சொட்டு மழை உள்ளே போகாது. காலையில் எழுந்து காப்பி போடும்போதெல்லாம் அந்த ஐந்து சதுரங்களும் அவளைப் பார்த்தன.

போன வருஷமும் இதே கதைதான். மழை, தாமதம். மே இருபத்தேழு அன்று ஓரின் மைல்ஸைக் கூப்பிட்டுத் தொண்ணூற்றேழு நாளுக்கு மாற்றச் சொன்னான். மறுநாள் காலை கூட்டுறவுக் கிடங்கின் காப்பி மேசைக்குப் போனான். அந்த மேசையில் ஏழெட்டுப் பேர் தினமும் உட்கார்ந்து, அவனவன் வயல் ஓரத்தில் நட்டிருக்கிற எண் பலகையைப் பற்றிப் பேசுவார்கள். விதை வியாபாரி வைக்கிற பலகை அது. எந்த ரகம் என்று எண் போட்டிருக்கும். சாலையில் போகிறவன் வண்டியை மெதுவாக்கிப் படித்துவிட்டுப் போவான். சின்ன எண் இருந்தால் போதும், காப்பி மேசைக்கு ஒரு வாரத்துக்குத் தீனி.

ஓரின் மாற்றியது அதற்குள் மேசைக்குத் தெரிந்திருந்தது. வெர்டெல்தான் தொடங்கினான். தொண்ணூற்றேழா, அது கனடா எல்லையில் நடுகிற சோளமாயிற்றே, அண்ணன் இனிமேல் காதுமூடித் தொப்பி போட்டுக்கொண்டுதான் டிராக்டர் ஓட்டுவான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சோளம் முழங்கால் உயரம்தான் வளரும், முயல் வைத்து அறுக்கலாம் என்றான் இன்னொருவன். ஓரினும் கூடவே சிரித்தான். வீட்டுக்கு வந்து, சிரித்தபடியே அவளிடம் அதைச் சொன்னான். சிரித்தபடியே மைல்ஸைக் கூப்பிட்டு, பழைய ஆர்டரே இருக்கட்டும் என்றான்.

அவள் அப்போது பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் இஷ்டம் என்றாள். அவளுக்கும் நூற்றேழின் விளைச்சல் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலே தன் நாக்கையே கழுவிக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

செப்டம்பர் இருபத்தெட்டில் உறைபனி வந்தது. கதிரை உடைத்து மணியைக் கீறினால் பால் வந்தது. நவம்பரில் அறுத்தபோது ஈரம் முப்பத்தொன்று சதவீதம். பதினைந்துக்கு இறக்கினால்தான் குதிரில் தூங்கும். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் சோளம் உலர்த்தும் டிரையர் ஓட்டியதில் எரிவாயு தீர்ந்துபோனது. பத்தொன்பதில் நிறுத்திக் குதிரில் கொட்டினார்கள், குளிர் பார்த்துக்கொள்ளும் என்று. குளிர் பிப்ரவரி வரை பார்த்துக்கொண்டது. மார்ச்சில் இளகியதும் சோளம் உள்ளே புளித்து, பூஞ்சணம் பூத்து, மேலே ஓடு கட்டிக்கொண்டது. அடியில் இழுத்தால் வராது. யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி ஓட்டை உடைக்க வேண்டும். அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே சுவிட்சில். அடியிலிருந்து சோளத்தை வெளியே இழுக்கிற இழுவையை நிறுத்தாமல் குத்தினால்தான் உடைந்தது தெரியும் என்பார்கள்.

மார்ச் பதினொன்று அன்று ஓரின் உள்ளே இருந்தான். வெர்டெல் சுவிட்சில் இருந்தான். ஓடு உடைந்ததும் இறங்கிய சோளம் ஓரினைக் கீழே இழுத்து மூடிக்கொண்டது.

ஊர்த் தீயணைப்புப் படை வந்தது. சம்பளமில்லாப் படை, இதே ஆட்கள்தான். ரம்பத்தால் குதிரின் இடுப்பைச் சுற்றி ஐந்து இடத்தில் வெட்டினார்கள். வெட்டிய வாய்களிலிருந்து சோளம் வழிந்தது. அது மஞ்சளாக இல்லை. பச்சையும் கறுப்புமாகக் கட்டி கட்டியாக விழுந்தது. கள்ளும் செத்த எலியும் கலந்த ஒரு நாற்றம் முற்றமெல்லாம் பரவி வீட்டுத் திரைச்சீலைகளில் ஏறியது. அவள் திரைகளை எரித்தாள். ஓரினின் கோட்டை எரிக்கவில்லை. துவைத்தாள், மூன்று முறை.

இன்றைக்கு ஆர்டிஸ் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

முற்றத்தில் மைல்ஸ் புதுத் தொப்பிகளை விநியோகம் செய்துகொண்டிருந்தான். தொப்பியின் முன்னால் ஓரினின் பெயர் தையலில் இருந்தது. அவன் வண்டியின் பின்னால் ஒரு பெரிய எண் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, சாதாரணப் பலகையைப்போல இரண்டு மடங்கு. மேலே, ஓரின் நினைவாக. கீழே, நூற்றேழு.

அவள் அதை முழுசாகப் படித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற எட்டு வரிசை இயந்திரத்தின் அருகே போய் முதல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். மருந்து பூசிய விதை, சிவப்பாக, பென்சில் கரிபோன்ற தூள் கலந்து. கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். விதையைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது. கீழே கிடந்த காலி மூட்டையின் நுனியில் தைத்த சீட்டைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தாள். நூற்றேழு.

மைல்ஸ் ஒரு தொப்பியோடு வந்துவிட்டான். "நல்ல நாளா அமைஞ்சுது பாருங்க ஆர்டிஸ். ஓரின் மேலேருந்து சொல்லி வெச்சான்போல."

"செவ்வாக்கிழமை நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

அவன் வெர்டெலைப் பார்த்தான். வெர்டெல் தன் டிராக்டரின் பக்கத்தில் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். மைல்ஸ் குரலைத் தாழ்த்தி, அதே கஞ்சிக் குரலில் விளக்கினான். வெர்டெல் புதன்கிழமை வந்து சொன்னானாம். அண்ணிக்கு மனசு சரியில்லை, ஏதோ பேசுகிறாள், அண்ணன் கடைசியாகத் தேர்ந்தெடுத்த விதையைத்தான் அண்ணன் நிலத்தில் போட வேண்டும் என்றானாம். எல்லாருக்கும் அது மனசைத் தொட்டதாம். பாதிரியார் கூட அதை வைத்து ஜெபம் எழுதியிருக்கிறாராம்.

"அந்தத் தொண்ணூத்தஞ்சு எங்க?"

தீர்ந்துவிட்டது என்றான். இந்த மாதிரி வருஷத்தில் குறைந்த நாள் ரகம் ஒரே வாரத்தில் காலி, அவளுக்கே தெரியுமே என்றான்.

"யாரு எடுத்துட்டுப் போனது?"

மைல்ஸ் தொப்பியின் விளிம்பைத் தடவினான். அவன் சொல்லவேண்டியதே இல்லை. ஆர்டிஸ் திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். ஆறு இயந்திரம், ஆறு பேர், அவர்களைச் சுற்றி இன்னும் பத்துப் பேர். எல்லாரும் காப்பிக் குவளையோடு காற்றைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பக்கத்து நிலத்து ஹார்லன் மிக அருகில் நின்றான். எழுபது வயது, பேச்சு குறைவு. மார்ச்சில் ரம்பத்தைப் பிடித்திருந்தவன் அவன்தான்.

"ஹார்லன், நீங்க உங்க நிலத்துல என்ன போடுறீங்க?"

அவன் தன் காலணியைப் பார்த்தான். "தொண்ணூத்தஞ்சு," என்றான்.

அவள் அடுத்தவனிடம் போனாள். தொண்ணூற்றாறு. அடுத்தவன், கலந்து போடுகிறேன் என்றான். எதோடு எதைக் கலந்து என்று கேட்டாள். தொண்ணூற்று நான்கும் தொண்ணூற்றாறும் என்றான். நான்காவது ஆள் கேட்பதற்கு முன்னாலேயே காப்பி ஊற்றப் போய்விட்டான். ஒருவன் நிலத்திலும் இந்த வருஷம் எண் பலகை இல்லை என்பதை அவள் வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழையால் மைல்ஸ் இன்னும் வைக்கவில்லை என்று நினைத்திருந்தாள். எவ்வளவு நல்ல மனசு தனக்கு.

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மார்ச்சில் அந்தக் கறுப்புக் கட்டிகளை மண்வெட்டியால் தள்ளியவர்கள் இவர்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, மே கடைசியில் ஒவ்வொருவராக, பக்கத்து ஆளுக்குத் தெரியாமல், மைல்ஸின் கொட்டகைக்குப் போய் மூட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேசையில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, மாற்றாத ஒரே விதையை எடுத்துக்கொண்டு, அது எவனைக் கொன்றதோ அவன் நிலத்திலேயே அவன் பெயரால் விதைக்க வந்திருக்கிறார்கள். ஆர்டிஸ் டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரோ ஒரு பெண் அவள் தோளில் கை வைத்து, உள்ளே வா, உட்காரு என்றாள். அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

வெர்டெல் வந்தான். முகம் சவரம் செய்யாமல், கண் கலங்கி. "அண்ணி, நீங்க காப்பி குடிச்சிட்டு உள்ள போங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவோம். நாங்க பாத்துக்கறோம்."

"நீ என்ன போட்ட உன் நிலத்துல?"

அவன் கையிலிருந்த துடைக்கும் துணியை மடித்தான்.

"வெர்டெல், உன்னத்தான் கேக்குறேன்."

"தொண்ணூத்தஞ்சு."

"எப்ப மாத்தின?"

"போன வெள்ளிக்கெழம."

அவள் மைல்ஸுக்குப் போன் செய்ததற்கு நான்கு நாள் முன்னாலேயே. அவள் தலையாட்டினாள், ஏதோ கடையில் விலை கேட்டதுபோல. பிறகு அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள். மூடியைத் திறந்து விதையை மூட்டைக்குள்ளேயே திருப்பிக் கொட்டிவிடச் சொன்னாள். ஓரினின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது என்றாள். ஒவ்வொருவரும் இந்த நூற்றேழில் தன் பங்கைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் நிலத்தில் போட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாக, கொட்டகையில் இருக்கிற தங்கள் குறைந்த நாள் மூட்டையைக் கொண்டுவந்து இங்கே போடட்டும். மூட்டைக்கு மூட்டை.

எங்கோ ஒரு டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் போய் அதை நிறுத்தினான்.

அப்புறம் காரணங்கள் வந்தன. ஒருவன் தன்னுடையதை நேற்றே விதைத்து முடித்துவிட்டான். அது உண்மை, அவளே பார்த்திருந்தாள். ஒருவனுடையது அவன் மைத்துனன் கொட்டகையில் இருந்தது, மைத்துனன் ஊரில் இல்லை. ஒருவனுக்குக் காப்பீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தாகிவிட்டது, ரகத்தை மாற்றினால் சிக்கல். பாதிரியார் எல்லாருக்கும் நடுவில் வந்து, துக்கம் பல வடிவத்தில் வரும் என்று தொடங்கினார். ஆர்டிஸ் அவரிடம், நீங்கள் கையில் வைத்திருக்கிற பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் வைத்துக்கொண்டார். படிக்கட்டில் ஏறியிருந்த பத்திரிகைக்காரர் காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இறங்கி வந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினார்.

மைல்ஸ் மட்டும் இன்னும் இனிமையை விடவில்லை. ஒரு வருஷம்தானே, செப்டம்பர் நல்ல வெயிலாக இருக்கும் என்று வானிலையில் சொல்கிறார்கள், அப்படியே ஈரமாக வந்தாலும் இந்தத் தடவை ஜாக்கிரதையாகக் குதிரில் ஏற்றிக்கொள்ளலாம் என்றான்.

"சரி," என்றாள் ஆர்டிஸ். "வர்ற மார்ச்சில அந்த ஓட்டை ஒடைக்க யாரு உள்ள எறங்குவீங்க? பேர இப்பவே சொல்லுங்க. நான் சீட்டுல எழுதி வெச்சிக்கறேன். நீ எறங்குறியா மைல்ஸ்?"

அவன் கையிலிருந்த தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் வண்டிக்குள்ளேயே போட்டான்.

ஹார்லன் காப்பிக் குவளையைப் புல்லில் வைத்தான். எட்டு வரிசை இயந்திரத்தின் அருகே போனான். அது அவனுடையது இல்லை. ஆனாலும் முதல் பெட்டியைக் கொக்கியிலிருந்து விடுவித்து, இரண்டு கையாலும் தூக்கி, காலி மூட்டையில் சாய்த்தான். சிவப்பு விதை சரசரவென்று இறங்கியது. "எங்கிட்ட பதினாலு மூட்ட இருக்கு," என்றான் யாரையும் பார்க்காமல். "உழவு முடியல எனக்கு. நான் இந்த வருஷம் சோயா போட்டுக்கறேன். இத எடுத்துட்டுப் போயிப் போடுற அளவுக்கு எனக்குக் கிறுக்குப் பிடிக்கல."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் வந்து மூடிகளைத் திறந்தார்கள். விதையை மூட்டையில் வாங்கி, வாயைக் கட்டி, மைல்ஸின் வண்டியில் எறிந்தார்கள், எண் பலகையின் மேலேயே. சிலர் தங்கள் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெண், நம்ம ஆம்பளைங்க ஒரு நாளை விட்டுக்கொடுத்துட்டு வந்தா இப்படியா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது ஆர்டிஸுக்குக் கேட்டது. சரியான கேள்விதான். இனி இந்த ஊரில் யாரும் அவள் வீட்டுக்குத் தட்டு மூடிக்கொண்டு வரமாட்டார்கள். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்பதும் பிடிக்கவில்லை.

இரண்டே இரண்டு மூட்டைதான் கூடுதலாகக் கிடைத்தது, கலந்து போடுகிறவனிடமிருந்து. ஹார்லனுடையதோடு சேர்த்துப் பதினாறு. நாற்பது ஏக்கருக்குக்கூடக் காணாது.

வெர்டெல் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றான். முற்றம் காலியாகிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் அவனிடம் போனாள். அவனுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். மார்ச்சுக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் அவனை அவள் பார்க்கவில்லை. அவன் மூச்சில் காலையிலேயே பியர் வாடை இருந்தது.

"உன்னோடது எத்தன மூட்ட?"

"முப்பது." பிறகு, "அண்ணி, நான் கெட்ட எண்ணத்துல பண்ணல."

"ஏன் பண்ணின?"

அவன் குதிரின் பக்கம் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தான். ஒரு டிராக்டர் சர்ச்சைத் தாண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணன் நிலத்துல மாத்துனா, போன வருஷமும் மாத்தியிருக்கலாம்னு ஆயிடும்."

"மாத்தியிருக்கலாம்," என்றாள்.

"நான் சும்மா சிரிச்சேன். எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"தெரியும். அவரும்தான் சிரிச்சாரு. நான் பாத்திரம் தொடச்சிட்டு இருந்தேன்."

அவன் அழத் தொடங்கினான். பெரிய உடம்பு, தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது. அவன் இன்னும் ஏதாவது சொல்லிவிடுவான், மன்னிப்பு மாதிரி எதையாவது அவளிடம் நீட்டுவான், அதைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று ஆர்டிஸ் பயந்தாள். தொட்டு ஆறுதல் சொல்ல அவளால் முடியாது. திட்டவும் தெம்பில்லை. அவளுக்கு வேண்டியது அவனுடைய மூட்டைகளும் அவனுடைய பன்னிரண்டு வரிசை இயந்திரமும்தான்.

"போயிக் கொண்டா," என்றாள். "மத்தியானத்துக்கு மேல காத்து மாறுதாம். மழ வந்துரும்."

அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினான். போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பினான். இருபத்திரண்டு மூட்டைதான் இருந்தது. எட்டு மூட்டையை நேற்று மாலையே விதைத்திருந்தானாம், வீட்டருகே இருக்கிற சின்னத் துண்டில். அவள் ஒவ்வொரு மூட்டையின் சீட்டையும் படித்தாள். அவன் வண்டியிலேயே நின்று, அவள் படித்து முடிக்கும் வரை அடுத்த மூட்டையைத் தூக்காமல் காத்திருந்தான்.

பதினோரு மணிக்கு வெர்டெல் சர்ச்சுக்கு எதிரே நிலத்தில் இறங்கினான். ஹார்லன் தன் பழைய எட்டு வரிசையைக் கொண்டுவந்து கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கினான். ஆர்டிஸ் வரப்பில் மூட்டைகளோடு நின்றாள். அவர்கள் திரும்பி வரும்போதெல்லாம் பெட்டிகளை நிரப்பினாள். விதை மருந்தின் சிவப்பு, உள்ளங்கை ரேகைகளில் ஏறி நகக்கண்ணில் தங்கியது. இரண்டு முறை அவள் வரிசையைக் கத்தியால் கீறிப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தாலும் இரண்டு அங்குலம் கீழே மண் களிபோல ஒட்டியது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் நல்லது. பொறுக்க ஒரு வாரம் இல்லை.

நான்கரைக்குக் கடைசி மூட்டை தீர்ந்தது. தொண்ணூறு ஏக்கர் சுமாராக முடிந்திருந்தது. தாழ்வான தெற்குப் பகுதி அறுபது ஏக்கர் அப்படியே கிடந்தது. அதில் என்ன செய்யப்போகிறாள் என்று ஹார்லன் கேட்டான். பார்க்கலாம் என்றாள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு டிராக்டரை வீட்டுப் பக்கம் திருப்பினான். மேற்கே வானம் ஈயம்போலக் கறுத்தது. காற்றில் ஈரம் வந்துவிட்டது. இந்த விளைச்சல் ஓரினின் எந்த வருஷத்துக்கும் கால்பங்கு குறைவாகத்தான் இருக்கும். காப்பி மேசையில் அதைப் பற்றிப் பேசுவார்கள். இல்லை, பேசாமல் இருப்பார்கள், அதுவும் பேச்சுதான்.

வெர்டெல் இயந்திரத்தை மடக்கிவிட்டு இறங்கி வந்து, நாளைக்கு வரட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். சரி என்றான். கொஞ்சம் தயங்கினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் காலி மூட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போனான்.

முற்றத்துக்குத் திரும்பியபோது மழை முதல் துளிகள் போட்டது. மடக்கு மேசையை சபைப் பெண்கள் விட்டுவிட்டே போயிருந்தார்கள். அதன் மேல் நாற்பது பேருக்கான பன்கள், அலுமினியத் தாளுக்குள், பாதித் தட்டு வெயிலில் வியர்த்து. ஒன்றை எடுத்தாள். பன்றிக்கறி லேசாகப் பிசுபிசுத்தது, வெண்ணெய் உருகிக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. கை முழுக்க விதை மருந்து. போய்க் கழுவ வேண்டும் என்று தெரியும். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். திரும்பி வந்தாள்.

பசித்தது. வெட்கமில்லாத பசி, வயிறு சுருண்டு இழுக்கிற பசி. பதினொன்றரை வாரத்தில் இப்படி ஒரு தடவையும் வந்ததில்லை. இவர்கள் சமைத்ததையே தின்ன வேண்டும் என்று அந்த வயிறு கேட்டது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மழையில் நின்றபடியே முதல் பன்னைத் தின்று முடித்து, இரண்டாவதை எடுத்தாள்.